ஃபான்ட் வாங்கியாச்சு, ரசீதைப் படிச்சாச்சா?

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு போன் போட்டு, "அக்கா, நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கின ஃபான்ட். அதை ஈபப்ல போடக் கூடாதுன்னு அந்தப் பதிப்பகத்துக்காரர் சொல்றார். என் காசு, என் ஃபான்ட், அவருக்கு என்ன வந்தது?" என்று பொருமினாயே தங்கச்சி, தூக்கக் கலக்கத்தில் "காலைல பேசலாம்டி" என்று வைத்துவிட்டேன். விடிந்து யோசித்தால் இது போனில் பேசி முடிகிற சமாச்சாரமாகத் தெரியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். காபி போட்டுக்கொண்டு வந்து படி.

அந்தப் பதிப்பகத்துக்காரர் சொன்னது சரி. நீ கொடுத்த நாலாயிரம், உன் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட்டை ஏற்றி வேலை பார்ப்பதற்கான அனுமதியின் விலை. வாடகை வீடு மாதிரி என்று வைத்துக்கொள். குடியிருக்கலாம், கொலு வைக்கலாம், விருந்தாளிகளைக் கூப்பிடலாம். மாடி அறையில் இன்னொரு குடும்பத்தை உள்வாடகைக்கு வைக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரைக் கேட்டாக வேண்டும். ஃபான்ட் கோப்பை ஈபப் என்ற மின்னூல் கோப்புக்குள் வைத்து ஆயிரம் பேருக்கு விற்பது கிட்டத்தட்ட உள்வாடகைதான்.

"அப்போ ஃபான்ட்டை உள்ளே வைக்காமலே அனுப்பிவிட்டால்?" என்று அடுத்துக் கேட்பாய். கேட்பாய் என்று தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளித் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலரை வடிவமைத்தேன். பாமினி ஃபான்ட்டில் அடித்தது. பிடிஎஃப் எடுத்து பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் போன். "என்னம்மா, தமிழே காணோம்? மேலே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளின்னு வந்திருக்கு" என்றார் பிரஸ்காரர். அந்த ஐந்தும் சேர்ந்ததுதான் பாமினியில் 'தமிழ்' என்ற சொல். பழைய ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. ஃபான்ட் உடன் போனால் தமிழ் தெரியும். போகவில்லை என்றால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து பல்லைக் காட்டும். தட்டில் கையைக் கழுவிவிட்டு ஓடினேன்.

யூனிகோடில் அடித்த வேர்ட் கோப்பு என்றால் அவ்வளவு கேவலமாகாது. உன் ஃபான்ட் அங்கே இல்லையென்றால் அந்தக் கணினியில் இருக்கும் வேறொரு தமிழ் ஃபான்ட் வந்து நிற்கும். ஆனால் வரி நகரும், பக்கம் ஓடும், அட்டவணை பிதுங்கும். ஆகவே எம்பெட் செய்வது, அதாவது ஃபான்ட்டைக் கோப்புக்குள் பதிப்பது, அவசியம். அதற்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட அவசியம். கஷ்டம் என்னவென்றால், முதலாவதைச் செய்ய மென்பொருளில் ஒரு டிக் போதும். இரண்டாவதை நீயாகத்தான் செய்ய வேண்டும்.

ஃபான்ட்டின் நெற்றியில் ஒட்டிய சீட்டு

முதல் சோதனை இலவசம், அரை நிமிஷம்கூட ஆகாது. விண்டோஸில் ஃபான்ட் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய், பிராப்பர்ட்டீஸ் போ, டீடெயில்ஸ் என்ற பக்கத்தைத் திற. அதில் 'ஃபான்ட் எம்பெடபிலிட்டி' என்று ஒரு வரி இருக்கும். ஓபன்டைப் ஃபான்ட்டுகளுக்குள் ஓஎஸ்/2 என்ற பெயரில் ஓர் அட்டவணை உண்டு; அதில் எஃப்எஸ்டைப் என்ற கட்டத்தில் ஃபான்ட் செய்தவர் ஓர் எண்ணைப் போட்டு வைத்திருப்பார். விண்டோஸ் அதைப் படித்துத்தான் இந்த வரியைக் காட்டுகிறது.

எண் 2 என்றால் 'ரெஸ்ட்ரிக்டட்'. உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்காமல் எந்தக் கோப்புக்குள்ளும் வைக்காதே என்று பொருள். 4 என்றால் 'பிரிவியூ அண்ட் பிரிண்ட்': பெறுகிறவர் பார்க்கலாம், அச்சடிக்கலாம், அந்த ஆவணத்தில் கைவைத்துத் திருத்தக் கூடாது. 8 என்றால் 'எடிட்டபிள்': பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைச் சேமிக்கலாம், ஆனால் ஃபான்ட் அந்த ஆவணத்தோடு வந்து அந்த ஆவணத்தோடு போய்விட வேண்டும். பூஜ்யம் என்றால் 'இன்ஸ்டாலபிள்': பெறுகிறவர் தன் கணினியில் நிரந்தரமாகவே ஏற்றிக்கொள்ளலாம். இவற்றோடு 256 என்ற எண் சேர்ந்திருந்தால், பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பிய்த்து வைக்காதே, வைத்தால் முழு ஃபான்ட்டையும் வை என்று கட்டளை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனி. பூஜ்யம் என்பது தாராள மனசுக்கும் அடையாளமாகலாம், மறதிக்கும் அடையாளமாகலாம். அந்தக் கட்டத்தை யாரும் தொடாமல் விட்டாலும் பூஜ்யம்தானே இருக்கும்? உள்ளே 'இன்ஸ்டாலபிள்' என்று சொல்லிக்கொண்டு, கூட வந்த லைசென்ஸில் 'எந்த மின் ஆவணத்திலும் பதிக்கக் கூடாது' என்று எழுதியிருந்த ஃபான்ட்டை நானே கையாண்டிருக்கிறேன். சீட்டும் பத்திரமும் முரண்பட்டால் பத்திரத்தைத்தான் நம்ப வேண்டும்.

இதே சங்கதி அமெரிக்காவில் கோர்ட் வரைக்கும் போனது. அக்ரோபேட்டின் ஐந்தாம் பதிப்பில், பூர்த்தி செய்யும் படிவங்களில் யார் வேண்டுமானாலும் எழுதும்படி ஃபான்ட்டை உள்ளே வைக்கும் வசதியை அடோபி கொடுத்தது. எங்கள் ஃபான்ட்டில் இருக்கும் எம்பெட் எண்ணை மீறி இது நடக்கிறது என்று அக்ஃபா மோனோடைப் நிறுவனம் வழக்குப் போட்டது. 2005-ல் இல்லினாய்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அடோபி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த எண் எதையும் பூட்டி வைக்கவில்லை, ஆகவே டிஜிட்டல் பூட்டை உடைத்ததாகச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதி வைத்த பலகை மாதிரி. பலகையால் யாரையும் தடுக்க முடியாது. அதற்காக வீட்டுக்காரரோடு நீ போட்ட ஒப்பந்தம் செல்லாமல் போய்விடாது. இது வேறு, அது வேறு. நம் ஊரிலும் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வைத்திருக்கிறது. ஃபான்ட் கோப்பும் மென்பொருள்தான் என்பது ஃபான்ட் செய்து விற்கும் ஃபவுண்டரிகள் எல்லாம் நிற்கும் நிலை.

பலகையே பத்திரமாகிவிடும் ஓர் இடமும் உண்டு. கணினியோடு கூட வரும் ஃபான்ட்டுகள். விண்டோஸில் லதா, விஜயா, நிர்மலா. மேக்கில் முத்து நெடுமாறன் செய்த இணைமதி, தமிழ் சங்கம் எம்என். இவற்றுக்குத் தனி ரசீது கிடையாது. மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் இரண்டின் இயங்குதள ஒப்பந்தங்களும், ஃபான்ட்டில் குறித்திருக்கும் எம்பெட் வரம்புக்குள் ஆவணங்களில் பதித்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கின்றன. அதாவது இங்கே அந்த எண்தான் சட்டம். ஆனால் பிடிஎஃப்பில் பதிப்பதோடு நிறுத்திக்கொள். ஃபோல்டரிலிருந்து லதாவைக் காப்பி எடுத்து ஈபப்பில் வைப்பது, பார்ட்டிக்கு வாட்ஸப்பில் அனுப்புவது, வெப்சைட்டில் ஏற்றுவது, இதெல்லாம் வேண்டாம்.

ரசீதில் எதைத் தேடுவது

எட்டுப் பக்க ஆங்கில ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. நானும் முழுசாகப் படிப்பதில்லை, பொய் சொல்லவில்லை. கண்ட்ரோல் எஃப் போட்டு 'எம்பெட்', 'பிடிஎஃப்', 'ஈபுக்', 'கமர்ஷியல்', 'சர்வர்', 'சப்செட்' என்ற ஆறு சொற்களையும் ஒவ்வொன்றாகத் தேடுவேன். அவை வரும் பத்திகளை மட்டும் இரண்டு தடவை படிப்பேன். இது போதும்.

பெரும்பாலான ஃபவுண்டரிகள் அனுமதியைத் துண்டு துண்டாக விற்கின்றன. டெஸ்க்டாப் லைசென்ஸ் ஒன்று, இணையத்துக்கு ஒன்று, ஆப்புக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று. நீ வாங்கியது டெஸ்க்டாப். ரசீதின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது பார். டெஸ்க்டாப்பில் எத்தனை கணினி என்ற கணக்கும் உண்டு. உன் லேப்டாப்பிலும் உன் தோழியின் கணினியிலும் போட்டிருந்தால் அதுவே இரண்டு. மின்னூல் லைசென்ஸைப் பல இடங்களில் தலைப்புக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். மாத இதழ் என்றால் ஒவ்வோர் இதழும் ஒரு தலைப்பாகிவிடும். கொட்டேஷன் கொடுக்கும் முன்னால் இதைக் கேட்கவில்லை என்றால் உன் கூலி அங்கேயே போய்விடும்.

பிடிஎஃப்புக்கு டெஸ்க்டாப் லைசென்ஸே பெரும்பாலும் இடம் கொடுக்கும், இரண்டு நிபந்தனைகளோடு: பெறுகிறவர் திருத்த முடியாதபடி இருக்க வேண்டும், ஃபான்ட்டை வெளியே உருவி எடுக்க முடியாதபடி சப்செட்டாக, அதாவது பயன்படுத்திய எழுத்துகள் மட்டும் கொண்டதாக, இருக்க வேண்டும். காசுக்கு விற்கும் பிடிஎஃப்புக்கு இதே சலுகை கிடையாது என்று சில ஃபவுண்டரிகள் தனியாக எழுதி வைத்திருக்கும். கல்யாணப் பத்திரிகையும் முந்நூறு ரூபாய் மின்னூலும் உனக்கு ஒரே பிடிஎஃப்தான், அவர்களுக்கு இல்லை. 'கமர்ஷியல்' என்ற சொல்லைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

பிறர் நிரப்பும் படிவமாக பிடிஎஃப் செய்கிறாயா? விண்ணப்பம், ஆர்டர் ஃபாரம் மாதிரி? அங்கே உன் ஃபான்ட்டில் இன்னொருவர் தட்டச்சு செய்யப் போகிறார். பிரிவியூ அனுமதி இதற்குப் போதாது, எடிட்டபிள் வேண்டும். அந்த இல்லினாய்ஸ் கோர்ட்டில் அடோபியும் மோனோடைப்பும் அடித்துக்கொண்டதே இந்த நிரப்பும் கட்டங்களுக்காகத்தானே!

வேர்ட் கோப்பாகக் கொடுத்தாலும் அப்படியே. ஆப்ஷன்ஸில் சேவ் என்ற பகுதியில் ஃபான்ட்டைக் கோப்பில் பதிக்கும் கட்டம் இருக்கிறது. ரெஸ்ட்ரிக்டட் ஃபான்ட் என்றால் நீ டிக் போட்டாலும் வேர்ட் அதைப் பதிக்காது. அதற்குக் கீழே 'பயன்படுத்திய எழுத்துகளை மட்டும்' என்று இன்னொரு கட்டம். கோப்பு சின்னதாகிறதே என்று அதையும் டிக் செய்துவிடாதே. அந்தப் பக்கம் ஒருவர் 'ஔவை' என்று புதிதாக அடிக்க நினைத்தால், உன் கட்டுரையில் 'ஔ' வராமல் இருந்திருந்தால், அந்த எழுத்து அங்கே இருக்காது.

ஈபப்பில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்

பிடிஎஃப்பில் ஃபான்ட் மாவில் கரைந்த உப்பு. இருக்கிறது, ஆனால் எடுப்பது சிரமம். ஈபப்பில் அது எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிய உப்பு. ஈபப் கோப்பின் பெயர்க் கடைசியை ஜிப் என்று மாற்றி ஒருமுறை திறந்து பார். உள்ளே 'ஃபான்ட்ஸ்' என்று ஃபோல்டர், அதற்குள் நீ நாலாயிரம் கொடுத்து வாங்கியது சுளையாக உட்கார்ந்திருக்கும். இருநூறு ரூபாய்க்குப் புத்தகம் வாங்கியவர் கூடவே ஃபான்ட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்த ஃபான்ட்டைச் செய்தவர் இடத்தில் உன்னை வைத்துப் பார். கோபம் வராதா?

இதற்கு ஈபப் தரத்திலேயே ஒரு ஏற்பாடு உண்டு, ஆப்ஃபஸ்கேஷன் என்பார்கள். ஃபான்ட் கோப்பின் முதல் 1,040 பைட்டுகளை, அந்தப் புத்தகத்தின் அடையாள எண்ணிலிருந்து பிறக்கும் ஒரு திறவுகோலோடு கலந்து கலைத்து வைப்பது. மின்னூல் படிக்கும் செயலி அதைச் சரிசெய்து காட்டும். வெளியே எடுத்தால் ஃபான்ட் என்று கணினி ஒத்துக்கொள்ளாது. இன்டிசைனிலிருந்து ஈபப் எடுத்தால் தானாகவே நடக்கிறது. சிகில் என்ற ஈபப் மென்பொருளில் செய்தால், ஃபான்ட் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து நீயே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐடிபிஎஃப் முறை, அடோபி முறை என்று இரண்டு இருக்கும், முதலாவதை எடு. தெரிந்தவனுக்கு இதைக் கலைப்பது பெரிய வேலை இல்லை, நாதாங்கி அவ்வளவுதான். ஆனாலும் பல மின்னூல் லைசென்ஸ்கள் நாதாங்கியாவது போட்டிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. நாதாங்கி போட்டுவிட்டாய் என்பதற்காக அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. சிலர் அப்படி நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

கிண்டிலில் 2016 முதல் தமிழ் இருக்கிறது. அங்கே ஏற்றும்போது, உள்ளே வைக்கும் ஃபான்ட்டுக்கான உரிமத்தைப் பெறுவது பதிப்பவர் பொறுப்பு என்பதுதான் விதி. உன் பதிப்பகத்துக்காரர் உஷாரானது இதனால்தான். நாளைக்கு யாராவது கேட்டால் அவர் பெயர்தான் முதலில் வரும், உன் பெயர் இரண்டாவதாக.

உள்பக்கத்துக்கு எதற்கடி விலை ஃபான்ட்?

இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மின்னூலின் உள்பக்கத்துக்கு விலை கொடுத்த ஃபான்ட் தேவையே இல்லை. படிக்கிறவர் முக்கால்வாசி நேரம் தன் கருவியில் அளவையும் எழுத்தையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடுவார். விலை ஃபான்ட் அட்டையில் இருக்கட்டும். அட்டை எப்படியும் படமாகத்தான் போகிறது; படத்துக்குள் ஃபான்ட் கோப்பு போவதில்லை. அட்டைப் படத்துக்கு டெஸ்க்டாப் லைசென்ஸ் பொதுவாகப் போதும். ரசீதில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வை.

உள்பக்கத்துக்கு ஓஎஃப்எல் ஃபான்ட் எடு. எஸ்ஐஎல் என்ற அமைப்பு எழுதிய திறந்த எழுத்துரு உரிமம். 2007-ல் வந்த 1.1 பதிப்புதான் இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது. எந்த ஆவணத்திலும் பதிக்கலாம், அந்த ஆவணத்தை விற்கலாம், ஆவணம் திறந்த உரிமத்தில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று விஷயம் மட்டும் செய்யாதே. ஃபான்ட்டை மட்டும் தனியாக விலைக்கு விற்காதே. ஃபான்ட்டைத் திருத்தி வெளியிட்டால் வேறு உரிமத்துக்கு மாற்றாதே. பெயரை ஒதுக்கி வைத்திருந்தால், திருத்திய ஃபான்ட்டுக்கு அதே பெயரை வைக்காதே. ஃபான்ட்டோடு வரும் உரிம உரைக் கோப்பையும் ஈபப்புக்குள் ஃபான்ட் பக்கத்திலேயே போட்டுவிடு. கட்டாயமா இல்லையா என்று வாதாடுவதைவிட நாலு கேபி இடம் பரவாயில்லை.

தமிழில் இப்படி எதுவும் கிடையாது என்ற காலம் போய்விட்டது. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் 2015 முதல் ஓஎஃப்எல்லில் இருக்கின்றன. பிரியா ரவிச்சந்திரன் செய்த கட்டமரானில் ஒன்பது கனங்கள் உண்டு. தலைப்புக்கு மெல்லியது முதல் தடித்தது வரை எது வேண்டுமோ எடுத்துக்கொள். இலங்கையின் தாரிக் அசீஸ் செய்த பவானமும் கவிவாணரும் இருக்கின்றன. கவிவாணர் கையெழுத்துச் சாயல், கவிதைத் தலைப்புக்கு அழகு, பத்தி பத்தியாகப் போட்டால் கண் வலிக்கும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாமே இந்த வகை. நாவலுக்கு என்றால் நான் டீரோ தமிழை எடுப்பேன். பழைய அச்சு நூலின் நிதானம் அதில் இருக்கிறது, சாய்வெழுத்தும் உண்டு. தடித்த எழுத்து மட்டும் கிடையாது. 'போல்ட்' பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானாக ஒரு போலித் தடிமனை ஒப்பேற்றி வைக்கும், மை சிந்தின மாதிரி இருக்கும். தலைப்புக்கு வேறு ஃபான்ட் வைத்துக்கொள்.

ஜிபிஎல் உரிமத்தில் ஒரு தமிழ் ஃபான்ட் கிடைத்தால் 'ஃபான்ட் எக்செப்ஷன்' என்ற பத்தி இருக்கிறதா என்று பார். அது இருந்தால் ஆவணத்தில் பதிப்பதில் சிக்கல் இல்லை. இல்லையென்றால் வேறு ஃபான்ட் தேடு, எவ்வளவோ இருக்கின்றன.

'ஃப்ரீ டவுன்லோடு' என்ற சொல்லைக் கண்டால் மட்டும் நில். இலவசமாக இறக்கலாம் என்பதும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்பதும் ஒன்றல்ல. பத்து வருஷத்துக்கு முன் ஒரு சிறுவர் நூலின் அட்டையில் அழகான ஆங்கில ஃபான்ட் ஒன்றைப் போட்டேன். ஜிப்புக்குள் இருந்த குறிப்புக் கோப்பைத் திறக்கவே இல்லை. 'தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும்' என்று அதில் இருந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து, செய்தவரிடமிருந்து மிக மரியாதையாக ஒரு மெயில். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கேட்ட தொகையை என் கையிலிருந்து கொடுத்தேன், பார்ட்டியிடம் வாயைத் திறக்கவில்லை.

கர்வ் போட்டால் தப்பிக்கலாமா?

பிரஸ்காரர்கள் சொல்வார்கள், "கர்வ் பண்ணி அனுப்பிடும்மா, ஃபான்ட் தொல்லையே வேண்டாம்" என்று. கோரல் டிராவில் கண்ட்ரோல் கியூ, இலஸ்ட்ரேட்டரில் கிரியேட் அவுட்லைன்ஸ். எழுத்தெல்லாம் வெறும் கோடாகிவிடும், ஃபான்ட் கோப்பு உள்ளே போகாது. அட்டை, விசிட்டிங் கார்டு, பேனருக்கு இது நல்ல வழி, நானும் செய்கிறேன். புத்தகத்தின் உள்பக்கத்துக்குச் செய்யாதே. தேட முடியாது, காப்பி எடுக்க முடியாது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கு அந்தப் பக்கம் வெற்றுத்தாள். இருநூறு பக்கம் கர்வ் போட்ட பிறகு ஒரு சந்திப்பிழை கண்ணில் பட்டால் என்ன செய்வாய் என்பதையும் யோசித்துக்கொள்.

ஃபான்ட்டையே பிரஸ்ஸுக்கு அனுப்புவது இன்னொரு பழக்கம். சிடியில் நூறு ஃபான்ட் போட்டு டிடிபி கடைக்குக் கடை கைமாறிய காலத்தில் வளர்ந்த தலைமுறை நான், அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இன்டிசைனில் பேக்கேஜ் கொடுக்கும்போது ஃபான்ட்டையும் சேர்த்துக் காப்பி எடுக்கும். அப்போது ஓர் எச்சரிக்கை வரும், நாம் பார்க்காமல் ஓகே அடிப்போம். அடோபி ஃபான்ட்ஸில் சந்தாவாக எடுத்தவை அதில் சேரவே சேராது. சில ஃபவுண்டரிகள் அச்சகத்துக்கு ஒரு பிரதி கொடுக்க அனுமதிக்கும், சில அச்சகமும் தனியாக வாங்கியிருக்க வேண்டும் என்று கேட்கும். பதித்த பிடிஎஃப் கொடுத்தால் இந்தக் கேள்வியே எழாது.

அனுப்பும் முன்பு ஒருமுறை சரிபார். அக்ரோபேட் ரீடரில் கண்ட்ரோல் டி அடித்து, ஃபான்ட்ஸ் பக்கத்தைத் திற. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். ஒன்றுமே எழுதாமல் ஒரு பெயர் நின்றால் அதுதான் என் பழைய ஜே, கே, பி, ஓ. சில கருவிகளில் ஃபான்ட் பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கில எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் தெரியும். வைரஸ் இல்லை, சப்செட் என்பதற்கான அடையாளம். பட்டியலில் நீ பயன்படுத்தாத ஃபான்ட் பெயர் கிடந்தால், எங்கேயோ ஒரு வெற்றுப் பத்திக்குறியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், அதைக் களையெடு. உரிமமில்லாத ஃபான்ட் இப்படித்தான் தெரியாமல் உள்ளே வந்து உட்காரும்.

நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ பிடிஎஃப்/ஏ கேட்டால் இன்னும் கறார். 2005-ல் வந்த அந்தத் தரம், எல்லா ஃபான்ட்டும் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதுவும் எங்கேயும் எப்போதும் காட்டுவதற்குச் சட்டப்படி பதிக்கத்தக்க ஃபான்ட்டாக இருக்க வேண்டும் என்கிறது. ரெஸ்ட்ரிக்டட் ஃபான்ட்டில் முந்நூறு பக்கம் தட்டச்சு செய்துவிட்டு அப்புறம் பிடிஎஃப்/ஏ கேட்டு என்னிடம் வந்து நின்ற ஆராய்ச்சி மாணவர்கள் உண்டு.

இப்போது உன் வேலைக்கு வருவோம். இன்றைக்கே ஒரு ஃபோல்டர் போடு, 'ஃபான்ட் ரசீதுகள்' என்று பெயர் வை. வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ரசீது, லைசென்ஸின் பிடிஎஃப், வாங்கிய தேதி. லைசென்ஸைக் கட்டாயம் சேமி. இணையத்தில் அவர்கள் மாற்றினாலும் நீ வாங்கிய அன்று என்ன எழுதியிருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இனிமேல் கொட்டேஷனில் 'ஃபான்ட் உரிமம்: உண்மைச் செலவுப்படி' என்று தனி வரி போடு. முடிந்தால் உரிமத்தைப் பதிப்பகத்தின் பெயரிலேயே வாங்கச் சொல். நீ வேறு வேலைக்குப் போய்விட்டாலும் அவர்கள் அடுத்த பதிப்பை யாரையும் கேட்காமல் போடலாம்.

ஃபவுண்டரிக்கு ஒரு மெயில் எழுது. சண்டை தொனி வேண்டாம். எந்த ஃபான்ட், எந்த ரசீது எண், ஒரே ஒரு தலைப்பு, ஈபப் வடிவம், விலை இவ்வளவு, எத்தனை பிரதி எதிர்பார்க்கிறோம், எந்தக் கடைகளில் விற்கும், ஆப்ஃபஸ்கேஷன் செய்யப்படும். இவ்வளவும் முதல் மெயிலிலேயே இருந்தால் போக வரக் கடிதம் மிச்சம். சிறிய ஃபவுண்டரி என்றால் செய்தவரே பதில் போடுவார். முதல் நூல் என்று சொன்னால் குறைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

பதில் வரும்வரை சும்மா இருக்காதே. உள்பக்கத்தை டீரோ தமிழில் ஓட்டி ஒரு ப்ரூஃப் எடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வரும்போது உன் டேப்பில் ஏற்றிக்கொண்டு வா, எழுத்தைப் பெரிசாக வைத்து அம்மா கையில் கொடுத்துப் பார்க்கலாம். கண்ணாடி இல்லாமல் மூன்று பக்கம் அவள் படித்தால், அந்த நாலாயிரம் ரூபாய் ஃபான்ட் அட்டையோடு இருந்துகொள்ளட்டும்.